முப்பது நாள் ஞாபகம்

பஞ்சவர்ணத்துக்குப் பித்தப்பையை எடுத்த அன்று இயந்திரம் மயக்க மருந்தைக் கொடுக்கத் தயங்கியது. கொஞ்சம் இறக்கியது, நின்றது. மறுபடி கொஞ்சம் இறக்கியது, மறுபடி நின்றது. அவளுடைய எடைக்கும் வயதுக்கும் கொடுக்க வேண்டிய அளவில் மூன்றில் ஒரு பங்குகூடப் போயிருக்காது. அதற்குள் திரையில் ஓடிய மூளை அலைகள் அவள் ஆழ்ந்து தூங்கிவிட்டதாகக் காட்டின.

"என்னங்க கோகிலவாணி, உங்க பெட்டி இன்னைக்கு ரொம்பக் கஞ்சத்தனம் பண்ணுது?" என்றார் மயக்க மருத்துவர் தாவூத். குரலில் கேலி இருந்தாலும் கண்ணைத் திரையிலிருந்து எடுக்கவில்லை.

கோகிலவாணியும் திரையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தப் பெட்டி அவள் செய்தது. காகித ஆலைகளில் கூழ்த்தொட்டிகளுக்குக் கட்டுப்பாட்டுக் கருவி செய்துகொண்டிருந்தவள், ஒன்பது வருடம் இதற்காகவே உட்கார்ந்து, கோயம்புத்தூரில் ஓர் அறக்கட்டளை மருத்துவமனையில் இதைக் கொண்டுவந்து நிறுத்தியிருந்தாள். ஒவ்வொரு நொடியும் மூளை அலையைப் படித்து, எவ்வளவு மருந்து வேண்டும் என்று தானே முடிவு செய்யும் இயந்திரம். எண்ணூறு அறுவை சிகிச்சை முடிந்திருந்தது. ஒருவர்கூட நடுவில் விழிக்கவில்லை, ஒருவர்கூட எழுந்திருக்காமல் போகவில்லை.

அறுவை முடிந்து பஞ்சவர்ணம் ஒழுங்காகக் கண் விழித்த பிறகு, இருவரும் கேன்டீனில் உட்கார்ந்தார்கள். தாவூத் விடவில்லை.

"எனக்குப் புரியற மாதிரி சொல்லுங்க. அது எதைப் பார்த்து நின்னுச்சு?"

"ஒரு ஸ்பிரிங்கை அமுக்கி விட்டா உடனே பழையபடி நிமிர்ந்துடும் டாக்டர். நேத்து அமுக்கினது அதுக்கு ஞாபகம் இருக்காது. அதோ மாஸ்டர் உருட்டி வச்சிருக்காரே பரோட்டா மாவு, அதை அமுக்கிப் பாருங்க. மெதுவா எழும்பும், முழுசா எழும்பாது. காலையில அமுக்கினது, இப்ப அமுக்கினது எல்லாம் சேர்ந்ததுதான் அதோட வடிவம். உடம்பு ஸ்பிரிங் இல்லைங்க, மாவு."

"சரி."

"காலேஜ்ல படிச்ச நுண்கணிதத்துல முதல் வகையீடு, ரெண்டாம் வகையீடுன்னு முழு எண்ணாத்தான் வரும். அது இந்த நொடியில என்ன மாறுதுன்னு மட்டும் பார்க்கும். அரை, முக்கால்னு பின்னத்துலயும் வகையீடு எடுக்கலாம். அப்படி எடுத்தா அது இந்த நொடியோட நிக்காது. ஆரம்பத்துல இருந்து நடந்தது எல்லாத்தையும் கூட்டிக்கிட்டுத்தான் விடை சொல்லும். பழைய சங்கதிக்கு எடை குறைஞ்சுக்கிட்டே போகும், ஆனா பூஜ்யம் ஆகவே ஆகாது."

"உடம்பும் அப்படித்தான்னு சொல்றீங்க."

"அதோட இன்னொண்ணு. ரெண்டு மடங்கு மருந்துக்கு ரெண்டு மடங்கு தூக்கம் வர்றதில்ல. ஒரு எல்லை வரைக்கும் ஒண்ணும் தெரியாது, தாண்டுனா மூச்சே நின்னுடும். அந்த எல்லை ஆளுக்கு ஆள் எங்க இருக்குங்கறது அவங்க உடம்பு முன்னாடி எதைச் சுமந்துச்சுங்கறதைப் பொறுத்தது. பெட்டி முதல் ரெண்டு சொட்டுல உடம்பு எப்படி அசையுதுன்னு பார்த்து அந்தப் பழசை யூகிக்குது. யூகிச்சாத்தான் எல்லைக்கு இந்தப் பக்கமே நிக்க முடியும்."

தாவூத் டீயைக் கீழே வைத்தார். "அப்ப அந்தப் பொண்ணு என்னத்தைச் சுமந்திருக்கு?"

அதுதான் கோகிலவாணிக்கும் தெரியவில்லை. ஆனால் பஞ்சவர்ணம் முதல் ஆள் இல்லை. இயந்திரம் இங்கே ஓடத் தொடங்கிய எட்டு மாதத்தில் அது இப்படித் தயங்கிய பதினோராவது பெண் அவள். பதினொரு பேரும் முப்பதை ஒட்டிய வயது. எல்லாருக்கும் முகவரி அவிநாசி, திருப்பூர் பக்கம். எல்லாருக்கும் சொந்த ஊர் தெற்கே.

ஒவ்வொருத்தியின் உடம்பைப் பற்றியும் இயந்திரம் போட்டுவைத்த யூகம் ஒரு வரைபடமாகக் கோப்பில் இருந்தது. தனித்தனியாகப் பார்த்தால் கலங்கிய தண்ணீர் மாதிரி ஒன்றும் தெரியவில்லை. பதினொன்றையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துச் சராசரி எடுத்தபோது தெளிந்தது. பத்து வருடங்களுக்கு முன்னால், மூன்று வருட நீளத்துக்கு, சின்னச் சின்ன மேடுகள். ஆறு மேடு, ஒரு பள்ளம். ஆறு மேடு, ஒரு பள்ளம்.

கோகிலவாணி பழைய நாள்காட்டியை எடுத்துப் பக்கத்தில் வைத்தாள். பள்ளமெல்லாம் ஞாயிற்றுக்கிழமை. ஜனவரி நடுவில் நான்கு நாள் பள்ளம், அது பொங்கல். ஐப்பசியில் மூன்று நாள், தீபாவளி. வியாதிக்கு மருந்து சாப்பிடுகிறவர்கள் ஞாயிற்றுக்கிழமை விடுமுறை எடுப்பதில்லை. இது வேலை நாட்களில் மட்டும் கொடுக்கப்பட்ட மருந்து.

மறுநாள் காலை வார்டுக்குப் போனாள். பஞ்சவர்ணம் தலையணையைச் சாய்த்து உட்கார்ந்து கஞ்சி குடித்துக்கொண்டிருந்தாள். கமுதிப் பக்கத்துக்காரி. ஒல்லி. பேச்சில் வேகம்.

"பஞ்சவர்ணம், நீ பத்து வருசத்துக்கு முன்னாடி எங்க வேலை பார்த்தே?"

"அவிநாசியில பெரிய மில்லுலக்கா. ஆஸ்டல்ல தங்கி மூணு வருசம் பாத்தேன். கல்யாணத்துக்கு நகை சேர்க்கத்தான். ஏன்க்கா?"

"அங்க ஏதாவது மாத்திரை குடுத்தாங்களா?"

கிண்ணம் வாய்க்குப் போகும் வழியில் நின்றது. "சத்து மாத்திரை குடுப்பாங்க. ஷிப்ட்டுக்குப் போகையில டீயோட. அதைப் போட்டா காலு வலிக்காது, வயித்து வலி வராது. பன்னெண்டு மணி நேரம் நிக்கலாம்."

"யாரு குடுப்பாங்க?"

"யாராச்சும் குடுப்பாங்க." கிண்ணத்தை வைத்துவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். "வலிக்குதுக்கா. அப்புறம் பேசலாம்."

கோகிலவாணிக்கு அவ்வளவே போதுமாக இருந்தது. வரைபடத்தை அச்செடுத்துக்கொண்டு நேரே நிர்வாக அறங்காவலர் வெள்ளியங்கிரியைப் பார்க்கப் போனாள். எழுபது வயது, அதிராத குரல், எல்லாரையும் எழுந்து நின்று வரவேற்கும் பழக்கம். அவர் கடைசிவரை பொறுமையாகக் கேட்டார். காகிதத்தை மடித்து அவளிடமே திருப்பிக் கொடுத்தார்.

"அம்மணி, அந்த மில்லு யாருதுன்னு உங்களுக்குத் தெரியுமுங்களா?"

"தெரியுங்க ஐயா." அறுவை அரங்கக் கட்டடத்தின் வாசலில் அந்த மில்லை நடத்தும் குடும்பத்துப் பெரியவரின் பெயர் ஒரு முழ உயரத்தில் பொறித்திருந்தது.

"சரி. நோயாளியைத் தூங்க வைக்கறதுக்குத்தான உங்க மெஷினு? அவங்க பழசைத் தோண்டறதுக்கு இல்லீங்களே? கேக்காம ஒருத்தரு உடம்புக்குள்ள பூந்து பத்து வருசக் கதையைப் படிக்கறது சரிங்களா? நாளைக்கு ஒரு வக்கீலு கேட்டா நான் என்ன சொல்றது?"

அந்தக் கேள்வியில் நியாயம் இருந்தது. அதுதான் அவளைத் தடுமாற வைத்தது.

"படிக்கலைன்னா அளவு தெரியாதுங்க ஐயா. இந்த மாதிரிப் பொண்ணுங்களுக்கு வழக்கமான அளவே அதிகமாப் போயிடும்."

"மெஷினுக்கு எத்தனை நாளு ஞாபகம் இருந்தா மத்தவங்களுக்குப் போதும்?"

"மத்தவங்களுக்கு... முப்பது நாள் போதும். பழசோட எடை ரொம்பக் குறைவுங்கறதால ஒரு எல்லைக்கு அப்புறம் வெட்டிடலாம். எங்க துறையில அது வழக்கம்தான். ஆனா இவங்களுக்கு—"

"நூத்துக்கு எத்தனை பேரு?"

"ஒருத்தர், ஒண்ணரை பேர்."

"மீதி தொண்ணூத்தெட்டு பேருக்காக யோசிங்க. முப்பது நாளுன்னு வெச்சுட்டு மெஷினை ஓட்டுங்க. இல்லீன்னா நாளைக்கே எடுத்து ஓரமா வெச்சுரலாம். உங்க ஒம்பது வருசம். எனக்கொண்ணும் இல்லீங்க."

அவர் மிரட்டவில்லை. உண்மையாகவே அவளுக்காக வருத்தப்படுகிறவர் போலத்தான் சொன்னார். எழுத்தில் ஒன்றும் தரவில்லை, அவளும் கேட்கவில்லை.

அன்று மாலை கோகிலவாணி இயந்திரத்தின் நிரலைத் திறந்து ஒரே ஓர் இடத்தில் முப்பது என்று அடித்தாள். இரண்டு இலக்கம். நினைவு நீளம் குறைந்ததும் கணக்கு வேகமாக ஓடியது, விசிறிச் சத்தம்கூட அடங்கியது. பழைய யூகங்களின் கோப்புகளை அலுவலகம் வாங்கிக்கொண்டது. அவளிடம் மிஞ்சியது மடித்த அந்த ஒரு காகிதம்தான்.

மனது கேட்கவில்லை. தாவூதிடம் போய் நடந்ததைச் சொன்னாள். அவர் நெற்றியைத் தேய்த்துக்கொண்டார்.

"ஏம்மா மாத்துனீங்க? நிறுத்திட்டுப் போயிருக்கலாமே."

"நிறுத்துனா மத்த தொண்ணூத்தெட்டு பேர், டாக்டர்."

"அது அவரு சொன்ன கணக்கு."

அவளிடம் வேறு கணக்கு இல்லை. ஒரு துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுத்தாள்: 'மில் விடுதியில் வேலை பார்த்தவரா என்று கேட்கவும். ஆம் என்றால் இயந்திரத்தை இணைக்காமல், மூன்றில் ஒரு பங்கு அளவில் தொடங்கிக் கையால் கொடுக்கவும்.' எல்லா ஷிப்ட்டிலும் எல்லா மருத்துவரும் கேட்க வேண்டும் என்பதற்காக தாவூத் அதை அலுவலகத்தில் கொடுத்தார். இரண்டு வாரத்தில் அது அச்சடித்த படிவத்தில் ஏழாவது கேள்வியாக வந்துவிட்டது என்று கேள்விப்பட்டபோது கோகிலவாணி கொஞ்சம் நிம்மதியாக மூச்சு விட்டாள். படிவத்தை வாங்கிப் பார்க்கவில்லை.

நான்கு மாதம் கழித்துச் செல்லக்கிளி வந்தாள். முப்பது வயது, முதல் பிரசவம், பனிக்குடம் உடைந்து குழந்தையின் இதயத் துடிப்பு இறங்கிக்கொண்டிருந்தது. மதியம் இரண்டு மணி. முதுகில் ஊசி போட நேரமில்லை, முழு மயக்கம்தான். தாவூத் மகள் கல்யாணத்துக்காக லீவில் இருந்தார். பணியில் இருந்த இளம் மருத்துவர் படிவத்தைப் பார்த்தார். ஏழாவது கேள்விக்கு 'இல்லை' என்று எழுதியிருந்தது. இயந்திரத்தை இணைத்தார். இயந்திரம் தயங்கவே இல்லை.

பெண் குழந்தை பிறந்தது, அழுதது. செல்லக்கிளி எழுந்திருக்கவில்லை. ஆறு நாள் தீவிர சிகிச்சையில் இருந்தாள். ஏழாம் நாள் அவள் கணவன், லாரி ஓட்டுகிற மனிதன், குழந்தையைத் துண்டில் சுற்றித் தோளில் போட்டுக்கொண்டு, ஒருவரிடமும் சண்டை போடாமல், காட்டிய இடத்திலெல்லாம் கையெழுத்துப் போட்டுவிட்டு உடலை வாங்கிக்கொண்டு போனான்.

விசாரணைக் குழு அமைத்தார்கள். இந்தத் தடவை கோகிலவாணி யோசிக்கவில்லை. உண்மையைச் சொல்லிவிடுவது என்று முடிவு செய்தாள். கோப்புகள் போய்விட்டன, மடித்த காகிதத்தை மட்டும் நம்பி யாரும் ஒன்றும் செய்ய மாட்டார்கள். மாத்திரை சாப்பிட்டவர்கள் வந்து சொல்ல வேண்டும். முகவரி விசாரித்துக்கொண்டு அவிநாசிக்குப் பஸ் ஏறினாள்.

பஞ்சவர்ணம் லைன் வீட்டு வாசலில் உட்கார்ந்து பனியன் துணியில் பிசிறு வெட்டிக்கொண்டிருந்தாள். கோகிலவாணியைப் பார்த்ததும் கத்திரியைக் கீழே வைத்தாள். செல்லக்கிளி பெயரைச் சொன்னதும் தலையைக் குனிந்துகொண்டாள்.

"தெரியும்க்கா. சாவுக்குப் போயிட்டு வந்தேன்."

"அவளும் உங்க ஹாஸ்டல்தானா?"

"மூணாம் நம்பர் ரூமு."

"அப்புறம் ஏன் படிவத்துல இல்லைன்னு எழுதினா? ஆமான்னு ஒரு வார்த்தை எழுதியிருந்தா உயிரோட இருந்திருப்பாளே பஞ்சவர்ணம்."

பஞ்சவர்ணம் அவளை நிமிர்ந்து பார்த்தாள். "உங்களுக்குத் தெரியாதாக்கா? ஆமான்னு சொன்னா ஒங்க ஆசுபத்திரியில சேத்துக்க மாட்டாகல்ல?"

"என்ன சொல்றே?"

"ரெண்டு மாசத்துக்கு முந்தி குடலிறக்கம்னு வந்தேன். படிவத்துல ஆமான்னு டிக் பண்ணேன். கவுன்டர்ல இருந்த பொண்ணு, ஆமான்னு போட்டவகளுக்கு இங்க பாக்குறதில்ல, கவர்மெண்ட் ஆசுபத்திரிக்குப் போங்கன்னு சீட்டு எழுதிக் குடுத்துருச்சு. என்னைய மாதிரி இன்னும் நாலு பேரு திரும்பி வந்தாளுக. அப்பத்தான் நான் எல்லாத்துக்கும் போன் பண்ணிச் சொன்னேன், மில்லுன்னு மட்டும் வாயத் தொறக்காதீகன்னு. செல்லக்கிளிக்கும் நான்தான் சொன்னேன்."

பக்கத்து வீட்டில் தையல் இயந்திரம் விட்டுவிட்டு ஓடிக்கொண்டிருந்தது. கோகிலவாணிக்குத் தன் கையெழுத்தில் எழுதிய சீட்டு கண்முன் வந்தது. கவனமாகப் பார்த்துக்கொள்ளுங்கள் என்பதற்கு எழுதியதை, வெளியே அனுப்புங்கள் என்று ஆக்கிவிட்டார்கள். யார் ஆக்கியது என்று கேட்டால் யாரும் இருக்க மாட்டார்கள். அலுவலகம் என்று சொல்லுவார்கள்.

"விசாரணைக்கு வர்றியா? மாத்திரை குடுத்ததை நீ சொல்லணும்."

"நான் என்னத்தச் சொல்றது?" பஞ்சவர்ணம் சிரித்தாள். அந்தச் சிரிப்பு முகத்தில் ஒட்டவில்லை. "யாரு குடுத்தான்னு அன்னைக்குக் கேட்டீகல்ல? நான்தான்க்கா குடுத்தேன். ஆஸ்டல் லீடரு. தட்டுல வச்சுக்கிட்டு ரூம் ரூமாப் போவேன். முழுங்கிட்டாளான்னு வாயத் தொறக்கச் சொல்லி, நாக்கத் தூக்கச் சொல்லிப் பாப்பேன். லீடருக்குக் கட்டிலு உண்டு, மத்தவளுகளுக்குத் தரைதான். அந்தக் கட்டிலுக்காகத்தான்."

"நீயும் சாப்பிட்டியே."

"மொத வருசம் சத்து மாத்திரைன்னு நெனச்சு சாப்பிட்டேன். அப்புறம் ஒருத்தி மெஷின்ல கைய விட்டுட்டா. நாலு வெரலு. ரத்தம் ஊத்துது, அவ அழுகவே இல்ல. வேடிக்கை பாத்துக்கிட்டு நிக்கிறா. அன்னைக்குத் தெரிஞ்சு போச்சு, அது சத்து இல்ல, ஒடம்ப மரக்கடிக்கிற மருந்துன்னு. தெரிஞ்சதுக்கு அப்புறமும் ரெண்டு வருசம் குடுத்தேன். செல்லக்கிளி ஒருநா வெளிய போயித் துப்பிட்டா. நான்தான் வார்டன்ட்டச் சொல்லிக் குடுத்தேன். அதுக்கப்புறம் அவளுக்கு ரெண்டா குடுக்கச் சொன்னாக."

கோகிலவாணியால் அவளைக் கோபிக்க முடியவில்லை. கோபிக்க வேண்டும் என்று தேடிப் பார்த்தாள். கிடைத்ததெல்லாம் நிரலில் தான் அடித்த இரண்டு இலக்கம்தான்.

"நானும் தெரிஞ்சேதான் மாத்தினேன்" என்றாள். "வெள்ளியங்கிரி ஐயா கேட்டார். மாத்தாட்டி மெஷினை எடுத்துடுவேன்னார்."

"கட்டில எடுத்துருவேன்னு சொல்லியிருக்காரு" என்றாள் பஞ்சவர்ணம். குத்திக் காட்டுகிற தொனியே இல்லை. கத்திரியை எடுத்து மறுபடி பிசிறு வெட்டத் தொடங்கினாள். நாலைந்து துணி வெட்டிய பிறகு கேட்டாள். "என்னைக்கு வரணும்?"

விசாரணை அன்று பஞ்சவர்ணம் தனியாக வரவில்லை. ஒரு நாள் லீவு போட்டுவிட்டு ஏழு பேரைக் கூட்டி வந்திருந்தாள். குழுவின் அறைக்கு வெளியே போட்டிருந்த பெஞ்சில் எட்டுப் பேரும் ஒன்பது மணியிலிருந்து உட்கார்ந்திருந்தார்கள். கோகிலவாணியை இரண்டு மணிக்குக் கூப்பிட்டார்கள்.

உள்ளே மூன்று பேர், ஒரு தட்டச்சர். தலைவர் மரியாதையாகப் பேசினார்.

"இயந்திரத்தின் நினைவு நீளத்தை மாற்றியது யார்?"

"நான்."

"எழுத்து மூலமான உத்தரவு இருந்ததா?"

"இல்லை. வாய்மொழியாகச் சொன்னார்கள்."

"அறங்காவலர் அப்படி எதுவும் சொல்லவில்லை என்று எழுதிக் கொடுத்திருக்கிறார். மாற்றினால் ஆபத்து வரலாம் என்று உங்களுக்குத் தெரிந்திருந்ததா?"

"தெரியும். ஆபத்து யாருக்கு, ஏன் என்பதும் தெரியும். அதைச் சொல்லத்தான் வந்திருக்கிறேன். வெளியே எட்டுப் பேர் இருக்கிறார்கள். அவர்களுக்குப் பத்து வருடத்துக்கு முன்னால்..."

தலைவர் கையை லேசாக உயர்த்தினார். "அம்மா, இந்தக் குழுவின் வரம்பு இந்த மருத்துவமனையில் நடந்த ஒரு மரணம். வேறொரு தொழிற்சாலையில் எப்போதோ நடந்ததாகச் சொல்லப்படுவது எங்கள் வேலை இல்லை. நீங்கள் பொறுப்பேற்றுக்கொண்டதைப் பாராட்டுகிறோம். பெரும்பாலானவர்கள் மறுப்பார்கள்."

படிவத்தின் ஏழாவது கேள்வியைப் பற்றிச் சொன்னாள். அப்படி ஒரு படிவமே இப்போது புழக்கத்தில் இல்லை என்றார்கள். மடித்த காகிதத்தைக் கொடுத்தாள். பார்த்துவிட்டு, கையெழுத்தும் முத்திரையும் இல்லாத ஆவணம் என்று திருப்பிக் கொடுத்தார்கள். அவள் சொன்னதில் 'நான்' என்ற விடையும் 'தெரியும்' என்ற விடையும் மட்டும் தட்டச்சானது. அதில் கையெழுத்துப் போட்டாள். போடாமலிருக்கக் காரணம் எதுவும் இல்லை. இரண்டும் உண்மை.

நான்கு மணிக்கு உதவியாளர் வெளியே வந்து பெஞ்சைப் பார்த்துச் சொன்னார். "முடிஞ்சிருச்சுங்க. எல்லாரும் கிளம்புங்க."

பஞ்சவர்ணம் கோகிலவாணியிடம் வந்தாள். "என்னக்கா கேட்டாக?"

"யார் மாத்தினதுன்னு கேட்டாங்க. நான்னு சொன்னேன்."

"அதுக்கு முந்தி நடந்தத?"

"கேக்கலை."

பஞ்சவர்ணம் மற்ற ஏழு பேரையும் பார்த்தாள். ஒருத்தி செருப்பை மாட்டிக்கொண்டிருந்தாள், இன்னொருத்தி பஸ் நேரம் பார்த்தாள். பஞ்சவர்ணம் சேலைத் தலைப்பை இழுத்து இடுப்பில் செருகிக்கொண்டு, உதவியாளர் தடுப்பதற்குள் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனாள்.

"எம் பேரு பஞ்சவர்ணம்" என்றாள். "மாத்திரை குடுத்தவ நான்தான். ஆராருக்குக் குடுத்தேன்னு ரூம் வாரியாச் சொல்றேன், எழுதிக்கங்க. ஒண்ணாம் நம்பர் ரூமு. காளீஸ்வரி, பாண்டியம்மா, ஜெசிந்தா, ராக்காயி, சின்ன ராக்காயி..."

தலைவர் பையை எடுத்துக்கொண்டு எழுந்து நின்றிருந்தார். கொஞ்ச நேரம் கேட்டார், அது மரியாதைக்கு. பிறகு கைகூப்பிவிட்டுப் போனார். மற்ற இருவரும் பின்னாலேயே போனார்கள். தட்டச்சர் மடிக்கணினியை ஏற்கெனவே மூடியிருந்தார், வயரைச் சுருட்டிக்கொண்டு அவரும் போனார். உதவியாளர் மின்விசிறியை அணைத்தார்.

பஞ்சவர்ணம் நிறுத்தவில்லை. இருநூற்றுப் பன்னிரண்டு பேர். காலி நாற்காலிகளைப் பார்த்துச் சொல்லிக்கொண்டே போனாள். கோகிலவாணி மேசையில் கிடந்த காகிதத்தை இழுத்து எழுதத் தொடங்கினாள். இதை யாரிடம் கொடுப்பது என்று அவளுக்குத் தெரியவில்லை, எழுதினாள்.

மூன்றாம் நம்பர் அறையில் நாலாவதாகச் செல்லக்கிளியின் பெயர் வந்தது. பஞ்சவர்ணத்தின் குரல் மாறவில்லை.

"செல்லக்கிளி. இவளுக்கு மட்டும் ரெண்டு" என்றாள். அடுத்த பெயருக்குப் போனாள்.